நோயாளர் குறிப்பை எழுதியவர் யார்? வைத்தியசாலை எழுத்துவேலையும் பேச்சறி கணினியும்

வைத்தியத் துறையின் வரலாற்றை எழுதியோர் மருந்துகளைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் பேரறிஞர்களின் கண்டுபிடிப்புக்களைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். நோயாளியைப் பற்றிய குறிப்பு எவ்வாறு எழுதப்பட்டது, அதனை எழுதிய கை எவருடையது, அக்கைக்குரிய கூலி எவ்வாறு கணிக்கப்பட்டது என்பன போன்ற வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இது தற்செயலானதன்று. எழுத்துவேலை அறிவுழைப்பிற்கும் உடலுழைப்பிற்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் நிற்பது. மேலிருந்து நோக்குவோருக்கு அது வெறுங் கைவேலை. கீழிருந்து நோக்குவோருக்கு அது மேசைக்குப் பின்னாலுள்ள உத்தியோகம். ஆதலின் இரு சாராரின் வரலாற்றிலும் அதற்கு இடமில்லாது போயிற்று.

வைத்தியர் பேச, அவர் கூறுவதைக் கணினியே எழுதிக்கொள்ளும் முறைகள் இன்று மேற்குநாட்டு வைத்தியசாலைகளிற் பரவலாகக் கையாளப்படுகின்றன. இவை திடீரென வானிலிருந்து இறங்கியவை போலவும், இவற்றுக்கு முன்னர் வைத்தியர்கள் பேனாவைக் கொண்டே யாவற்றையும் எழுதினர் போலவும் விளம்பரங்கள் சித்திரிக்கின்றன. உண்மையில் வைத்தியரின் குரலை எழுத்தாக்கும் தொழில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலப் பழைமை உடையது. அத்தொழிலின் பெரும்பகுதி பெண்களின் உழைப்பில் தங்கியிருந்தது. இவ்வுழைப்பு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு பிரிக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு இயந்திரத்துள் அடங்கியது என்பதனையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியசாலைகளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் வெளிப்படையானது. இத்தொழினுட்பம் முதலிற் பண்டமாகியது பெரும்பாலும் அங்கேயே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயாளர் குறிப்பென்பது வைத்தியரின் சொந்தப் பேரேடாகவே இருந்தது. ஒரே நோயாளியைப் பற்றிய செய்திகள் பல வைத்தியரின் ஏடுகளிற் சிதறிக் கிடந்தன. மின்னசோட்டா மாநிலத்து மேயோ சிகிச்சை நிலையத்தில் ஹென்றி பிளம்மர் 1907ஆம் ஆண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இலக்கமும் ஒரு கோவையும் என்ற ஒழுங்கினை ஏற்படுத்தினார். குறிப்பு அன்றுதொட்டு வைத்தியருக்குரியதாக இல்லாது நிறுவனத்திற்குரியதாயிற்று. பல வைத்தியர் ஒரே நோயாளிமீது தொழிற்படும் கூட்டு வேலைமுறைக்கு இது இன்றியமையாதது; பட்டறைத் தொழில் தொழிற்சாலையாக மாறும்போது கணக்கேடு எத்தகைய முக்கியத்துவம் பெறுமோ அத்தகைய முக்கியத்துவத்தை வைத்தியசாலையிற் குறிப்பேடு பெற்றது.

இதனை அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி நாடு முழுவதற்கும் விதியாக்கிற்று. 1917இல் அது வகுத்த 'குறைந்தபட்ச நியமம்' நோயாளர் ஒவ்வொருவருக்கும் செம்மையான, முழுமையான குறிப்பு இருத்தல் வேண்டும் என்றது. 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 வைத்தியசாலைகளைப் பரிசோதித்தபோது 89 மட்டுமே அந்நியமத்திற்கு இயைந்தன என 1919இல் அறிவிக்கப்பட்டது. தேறாதவற்றின் பட்டியலை நியூயோர்க் நகர விடுதியொன்றின் உலையில் இட்டு எரித்துவிட்டனர் என்பர். பெயர்பெற்ற வைத்தியசாலைகள் பல அப்பட்டியலில் இருந்தமையே காரணம். அறிவியலின் பெயரால் தொடங்கிய கணக்கெடுப்பு வர்க்க மானத்தின் பொருட்டுச் சாம்பலாகியமை வேடிக்கையான செய்திதான். ஆயினும் நியமம் நின்றது. குறிப்பு எழுதியே ஆகவேண்டும் என்றாகியது. யார் எழுதுவது?

வைத்தியரின் நேரம் விலையுயர்ந்தது. சிக்கலான ஒரு வேலையைப் பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதிக்கும் தேவையான அளவு திறனை மட்டும் விலைக்கு வாங்கலாம் என்பதைச் சாள்ஸ் பாபேஜ் 1832இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஹரி பிரேவர்மன் 1974இல் வெளிவந்த தமது நூலில் இத்தத்துவம் அலுவலக எழுத்துவேலையை எவ்வாறு ஊடறுத்துச் சென்றது என்பதை விளக்கியுள்ளார். வைத்தியசாலை இதற்கு விதிவிலக்கன்று. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கி, மறு ஆண்டில் அதன் பயன்களை வரிசைப்படுத்தியபோது, பாட்டையும் இசையையும் முதலிற் கூறவில்லை. கடிதங்களையும் சொல்வதெழுதலையுமே முன்வைத்தார். 'டிக்டஃபோன்' என்ற வணிகப் பெயர் 1907இல் தோன்றியது. மெழுகுருளையில் குரல் பதிந்ததன் விளைவு யாதெனில், பேசுபவரும் எழுதுபவரும் ஒரே அறையில் ஒரே வேளையில் இருக்கவேண்டிய அவசியம் அற்றுப்போனமையாகும். சுருக்கெழுத்துப் பெண் வைத்தியரின் முகத்தைப் பார்த்து, 'மறுபடி கூறுங்கள்' எனக் கேட்கக் கூடியவளாயிருந்தாள். காதிற் குழாயும் காலடியில் மிதிபலகையும் கொண்டு நிலவறையில் அமர்ந்திருந்தவளுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.

1928இல் வட அமெரிக்க ஆவண நூலகர் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவியாக விளங்கியவர் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் நூலகர் கிறேஸ் வைற்றிங் மையர்ஸ். கோவைகளைப் பேணுவோருக்கு இவ்வாறு ஒரு சங்கம் வாய்த்து ஐம்பது ஆண்டுகள் சென்றபின்னரே, தட்டெழுதுவோருக்கு ஒரு தேசியச் சங்கம் 1978இல் அமைந்தது. இவ்விடைவெளி எழுத்துவேலையின் உள்ளேயே நிலவிய படிநிலையைக் காட்டுவதாகும்.

இத்தட்டெழுத்தாளர் செய்த வேலையின் தன்மையை இங்குச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். கேட்டதை அப்படியே தட்டெழுதுவதுதான் அவர்கள் வேலை எனக் கருதுவது தவறு. ஆங்கில வைத்தியச் சொற்களிற் பல ஒலியில் ஒன்றாகவோ ஏறத்தாழ ஒன்றாகவோ இருப்பவை. 'ஹைப்பர்டென்ஷன்' உயர் இரத்த அழுத்தம். 'ஹைப்போடென்ஷன்' தாழ் இரத்த அழுத்தம். விரைந்து பேசும் வைத்தியரின் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும். 'இலியம்' என்ற ஒலி சிறுகுடலின் கடைப்பகுதியையும் குறிக்கும், இடுப்பெலும்பின் ஒரு பகுதியையும் குறிக்கும். ஆங்கில எழுத்தில் ஓரெழுத்தே வேறுபாடு. எழுதுபவர் முன்பின் உள்ள வாக்கியங்களைக் கொண்டு எது பொருந்தும் என முடிவுசெய்தல் வேண்டும். தொடக்கத்தில் வலக்கால் என்றவர் இறுதியில் இடக்கால் என்றால், அதனைக் கண்டு குறியிட்டு வைத்தியருக்குத் திருப்பி அனுப்புவதும் அவள் வேலையே. உடற்கூறும் மருந்துப் பெயரும் அளவும் அறியாத ஒருவரால் இது இயலாது. ஆயின் கூலி அறிவிற்குக் கணிக்கப்படவில்லை, வரிக்கே கணிக்கப்பட்டது. 65 எழுத்து ஒரு வரி என்பது இத்தொழிலிற் பரவலாக வழங்கிய அளவை. திருத்தம் செய்யும் சிந்தனைக்கு வரியில்லை. ஆகவே அதற்கு விலையுமில்லை.

பேச்சை இயந்திரம் அறியுமா என்ற ஆராய்ச்சி வேறோரிடத்தில் நடந்துகொண்டிருந்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1952இல் உருவான 'ஓட்ரி' ஒருவர் கூறும் எண்களை மட்டும் அறிந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1962இற் காட்சிக்கு வைத்த கருவி 16 சொற்களை அறிந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 1971 முதல் 1976 வரை வழங்கிய பணத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஹார்ப்பி' 1011 சொற்களை எட்டியது. போருக்கான பணம் இன்றிக் கணினி வரலாறு இல்லை என்பது பலரும் அறிந்ததே. அதனை இங்கு நீட்டவேண்டியதில்லை. குறிப்பிடத்தக்க மாற்றம் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பிரெடெரிக் ஜெலினெக் குழுவினரால் நிகழ்ந்தது. இலக்கண விதிகளைக் கணினிக்குக் கற்பிப்பதை விடுத்து, எழுதப்பட்ட பெருந்தொகையான வாக்கியங்களிலிருந்து எச்சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்ற நிகழ்தகவினைக் கணிக்கும் புள்ளிவிபர முறையினை அவர்கள் முன்னெடுத்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவர்களது கருவி 20,000 சொற்களைக் கையாண்டது. இம்முறைக்குத் தேவையான மூலப்பொருள் யாது என்பதனை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்: மனிதர் முன்னரே எழுதிவைத்த எழுத்து.

வைத்தியம் இப்பண்டத்தின் முதற் சந்தைகளுள் ஒன்றாகியமைக்குக் காரணங்கள் உள. எக்ஸ்றே படங்களை வாசிக்கும் கதிரியல் வைத்தியரின் சொற்றொகுதி சிறியது. ஒரே வகையான வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவன. அவர் நாள் முழுதும் பேசிக்கொண்டிருப்பவர். அவருடைய மணித்தியாலத்தின் விலையோ மிக உயர்ந்தது. 1982இல் தொடங்கப்பட்ட கேர்ஸ்வைல் நிறுவனம் அப்பத்தாண்டிலேயே கதிரியலுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவிற்கும் உரிய முறைகளை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டில் ஜேம்ஸ் பேக்கர், ஜனற் பேக்கர் தம்பதியர் தொடங்கிய டிராகன் நிறுவனம் 1990இல் வெளியிட்ட மென்பொருளின் விலை ஏறத்தாழ 9,000 டொலர். அன்றைய முறைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னர் சிறிது நிறுத்திப் பேசுதல் வேண்டும். மனிதர் இயந்திரத்தின் தாளத்திற்குத் தம் மூச்சை ஒழுங்குசெய்தனர். இயல்பாகத் தொடர்ந்து பேசுவதை ஏற்கும் மென்பொருள் 1997இலேயே டிராகனிடமிருந்து வந்தது.

இதன்பின் நடந்தது நிதிமூலதனத்தின் தனிக் கதை. கேர்ஸ்வைல் நிறுவனத்தில் நடவாத விற்பனைகள் நடந்தனவாகக் கணக்கெழுதப்பட்டமை வெளிவந்து, அதன் தலைமை நிர்வாகியும் விற்பனைத் தலைவரும் 1996இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அந்நிறுவனத்தை 1997இல் வாங்கியது பெல்ஜியத்தின் லேர்னோட் அன்ட் ஹௌஸ்பி. 2000ஆம் ஆண்டில் அது டிராகனையும் பழைய டிக்டஃபோனையும் விழுங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள், தென்கொரியாவில் இல்லாத வருமானத்தைக் காட்டியமை அம்பலமாகி, அதுவும் சரிந்தது. தம் நிறுவனத்திற்கு விலையாகப் பங்குகளைப் பெற்றிருந்த பேக்கர் தம்பதியரின் கையில் கடதாசியே எஞ்சியது. பிளாண்டர்ஸ் பகுதியின் சிறு சேமிப்பாளர் பலரது கதியும் அதுவே. எஞ்சிய தொழினுட்பத்தை 2001இல் வாங்கிய ஸ்கான்சொஃப்ற் 2005இல் நுவான்ஸ் எனப் பெயர்மாறி, 2006இல் டிக்டஃபோனையும் வாங்கியது. மைக்ரோசொஃப்ற் இந்நுவான்ஸை 1,970 கோடி டொலருக்கு வாங்கவிருப்பதாக 2021இல் அறிவித்து, 2022 மார்ச்சிற் கொள்வனவை முடித்தது. மெழுகுருளைக் காலம் முதல் வந்த பெயர்களெல்லாம் இறுதியில் ஒரே களஞ்சியத்துள் அடங்கியமையை நாம் காண்கின்றோம். மூலதனத்தின் ஒன்றுகுவிவு பற்றிப் பாடநூல்கள் கூறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

பங்குச்சந்தையில் இயந்திரம் உயர்ந்தும் வீழ்ந்தும் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வைத்தியசாலைகள் வேறொரு வழியைக் கண்டன. இயந்திரத்தினும் மலிவான கை கடலுக்கு அப்பால் இருந்தது. 1990களில் 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்' என்ற பெயரில் இத்தொழில் இந்தியாவிற்குப் பெயர்ந்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பட்டதாரி இளைஞரும் யுவதிகளும் அமெரிக்க வைத்தியரின் குரலைக் காதிற் பொருத்தி இரவு பகலாகத் தட்டெழுதினர். அமெரிக்காவில் மாலையிற் பேசியது அங்கு மறுநாட் காலைக்குள் எழுத்தாகித் திரும்பியது. டெக்சாஸ் உச்சரிப்பையும் நியூயோர்க் உச்சரிப்பையும் பிரித்தறியத் தமிழ் இளைஞர் பயிற்சி நிலையங்களிற் பணங்கட்டிப் படித்தமை அண்மைக்கால வரலாறேயாயினும், தமிழிற் சமூக வரலாறு எழுதுவோர் அதனை இன்னும் உரியவாறு கவனிக்கவில்லை என்பதே எமது கருத்து.

இவ்வேலை கைமாறிச் சென்ற வழியினை இரு நிகழ்ச்சிகள் வெளிக்காட்டின. 2003இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வைத்திய நிலையத்திற்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தமக்குரிய கூலி கிடைக்காவிடின் நோயாளர் குறிப்புக்களை வெளியிடப்போவதாகத் தட்டெழுத்துப் பெண்ணொருவர் அதில் எச்சரித்திருந்தார். வைத்தியசாலை அப்பெண்ணை அறியாது. அது ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்க, அங்கிருந்து உபஒப்பந்தங்களின் வழியாக அது கராச்சி வரை சென்றிருந்தது. பத்திரிகைகள் அந்தரங்கம் மீறப்பட்டது என்று எழுதின. கூலி கொடுபடாமை அச்செய்தியின் ஓரத்திலேயே நின்றது. மற்றையது துயரமானது. அலபாமா மாநிலத்தில் 2008இல் நீரிழிவு நோயாளியொருவர் வைத்தியசாலையை விட்டு வேறொரு பராமரிப்பு நிலையத்திற்கு மாற்றப்பட்டார். வைத்தியர் சொல்லி இந்தியாவில் தட்டெழுதப்பட்ட குறிப்பில் 8 அலகு இன்சுலின் 80 அலகு என ஆகியிருந்தது. ஊசி ஏற்றப்பட்டது, அவர் இறந்தார். 2012இல் யூரிமார் 14 கோடி டொலர் இழப்பீடு விதித்தனர். வரிக்குச் சில சதங்கள் மீதமாகும் என்பதற்காகவே வேலை வெளிநாட்டிற்கு அனுப்பப்பட்டதென வழக்கிற் கூறப்பட்டது. இதனை இந்தியத் தட்டெழுத்தாளரின் திறமைக்குறைவு எனக் காட்ட முயன்றோர் உளர். ஐயம் எழும்போது வைத்தியரைக் கேட்கும் வழி அடைக்கப்பட்டிருந்தமையும், விரைவிற்கே கூலி என்றிருந்தமையுமே நோக்கற்பாலன. எண்ணொன்றைத் தவறாகக் கேட்பது எந்நாட்டுக் காதிற்கும் நேரக்கூடியது.

2000களில் இரு வழிகளும் இணைந்தன. வைத்தியர் வழமைபோற் பேசிவிட்டுப் போவார். பின்னணியிலே கணினி முதற்படியை எழுதும். தட்டெழுத்தாளர் ஒலியைக் கேட்டவாறே அதனைத் திருத்துவார். அவருடைய பெயரும் 'திருத்துநர்' என மாறிற்று. பெயர் உயர்ந்தது, வரிக்கான வீதம் குறைந்தது. அவர் செய்த ஒவ்வொரு திருத்தமும் மூல ஒலியுடன் சேர்த்துச் சேமிக்கப்பட்டு, கணினி மேலும் பிழையின்றி எழுதுவதற்கான தரவாயிற்று. உயிருள்ள உழைப்பின் திறன் இயந்திரத்துட் குவிந்து, அவ்வுழைப்பாளிக்கு எதிரே அந்நியமான சக்தியாக நிற்பதை மார்க்ஸ் 1857-58 காலக் கையெழுத்துப் படிகளில் ஆராய்ந்துள்ளார். நூற்பாலையில் அது பல தலைமுறைகளாக நிகழ்ந்தது. இங்கோ ஒரே மனிதர் தம் வேலைக்காலத்துள்ளேயே தம்மை இடம்பெயர்க்கும் கருவிக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தார். பழைய நெசவாளருக்குத் தம் எதிரி யாரென்று தெரிந்திருந்தது.

அடுத்த மாற்றத்தைக் கொணர்ந்தது அரசு. 2009இல் ஒபாமா நிர்வாகத்தின் சட்டமொன்று மின்னணுக் குறிப்பேட்டினைக் கைக்கொள்ளும் வைத்தியசாலைகளுக்குப் பெருந்தொகைப் பணத்தை வழங்கியது. 2008இல் அடிப்படை மின்னணுக் குறிப்பேடு கொண்டிருந்த வைத்தியசாலைகள் நூற்றுக்கு 9.4, 2015இல் அது நூற்றுக்கு 83.8 ஆயிற்று. இக்குறிப்பேடு நோயாளியின் பொருட்டு மட்டும் வடிவமைக்கப்பட்டதன்று. 1983 முதல் மெடிகெயார் எனும் அரச காப்புறுதி நோயின் வகைக்கேற்ப வைத்தியசாலைகளுக்குப் பணம் செலுத்திவந்தது. 1995இலும் 1997இலும் வெளியான விதிகள் வைத்தியரின் கட்டணத்தைக் குறிப்பில் எவ்வெவ்வற்றை எழுதினார் என்பதோடு பிணைத்தன. எனவே குறிப்பு ஒரு விலைச்சீட்டுமாகியது. அமெரிக்க வைத்தியரின் குறிப்பு ஏனைய நாடுகளில், அதே மென்பொருளிலேயே எழுதப்படும் குறிப்பினும் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமானது என 2018இற் சுட்டிக்காட்டப்பட்டது. நோய்கள் அங்கு நான்கு மடங்கு சிக்கலானவை அல்ல.

விசைப்பலகை இப்போது வைத்தியரின் முன்னே வைக்கப்பட்டது. பாபேஜின் தத்துவம் தலைகீழாகியது போலத் தோன்றும். விலையுயர்ந்த உழைப்பே தட்டெழுத்து வேலையையும் செய்தது. நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கணினிக்கும் மேசை வேலைக்கும் செல்கின்றதென 2016இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. வைத்தியர் பலர் சம்பள உத்தியோகத்தராய் மாறிவிட்ட நிலையில், அந்த மேலதிக மணித்தியாலங்கள் பெரும்பாலும் கூலியின்றியே பெறப்பட்டன. இக்களைப்பே பேச்சறி மென்பொருளுக்குப் புதிய சந்தையைத் திறந்துவிட்டது. இம்முறை இடையில் திருத்துநர் இல்லை. வைத்தியர் பேசுவார், எழுத்து திரையில் தோன்றும், அவரே படித்து ஒப்பமிடுவார்.

இவ்விடத்தில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வின் எண்கள் எமது வாதத்திற்கு முக்கியமானவை. பேச்சறி கணினி எழுதிய 217 குறிப்புக்களைப் பரிசோதித்ததில் 100 சொற்களுக்கு 7.4 பிழைகள் காணப்பட்டன. தட்டெழுத்தாளர் திருத்தியபின் அது 0.4 ஆகக் குறைந்தது. வைத்தியர் படித்து ஒப்பமிட்டபின் 0.3. ஏழு பிழைகளை அகற்றியவர் யார், பத்திலொரு பங்குப் பிழையை அகற்றியவர் யார் என்பதை இவ்வெண்களே கூறும். நூறாண்டு காலம் விலையிடப்படாதிருந்த அறிவு அகற்றப்படும் வேளையிலேதான் முதன்முறையாக அளக்கப்பட்டது போலும்.

இயந்திரத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. கதிரியல் அறிக்கைக்காக நாட்கணக்கிற் காத்திருந்த நோயாளிக்கு அது சில மணித்தியாலங்களிற் கிடைப்பது உண்மையான முன்னேற்றம். கைகள் பழுதுற்றோருக்கும் கண்பார்வை குன்றியோருக்கும் பேச்சறி மென்பொருள் தொழில்செய்யும் உரிமையையே மீட்டுக் கொடுத்துள்ளது. இடதுசாரிகளிற் சிலர் கணினி என்றதும் முகஞ்சுளிப்பதை நாம் ஏற்கவில்லை. ஆனால் மிச்சமான நேரம் யாருக்குச் சென்றது என்ற வினாவைத் தொழினுட்பத்தின் மீதான அன்பு மறைத்துவிடுதலும் ஆகாது. மிச்சமான நிமிடங்களில் வைத்தியர் நோயாளியோடு அதிகம் பேசினாரா, அன்றி மேலும் ஒரு நோயாளியைப் பார்க்குமாறு பணிக்கப்பட்டாரா என்பது மென்பொருளில் எழுதப்பட்டிருப்பதன்று. அது வைத்தியசாலையின் உடைமை உறவிலும் ஊழியரின் அணிதிரள்விலும் தங்கியுள்ளது.

2020க்குப் பின்னர் வந்தவை முற்றிலும் வேறானவை. வைத்தியர் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. அறையில் நடக்கும் உரையாடலையே கேட்டு, அதிலிருந்து குறிப்பினைக் கணினி தானே இயற்றும். இங்கு முதன்முறையாக நோயாளியின் குரலும் இயந்திரத்துட் செல்கின்றது. அக்குரல்களெல்லாம் சமமாகக் கேட்கப்படுவதில்லை. பெரும் ஐந்து நிறுவனங்களின் பேச்சறி முறைகளைச் சோதித்த 2020ஆம் ஆண்டின் ஆய்வில், வெள்ளையரின் பேச்சில் 100 சொற்களுக்கு 19 பிழைகளும் கறுப்பினத்தவரின் பேச்சில் 35 பிழைகளும் காணப்பட்டன. பேச்சிழப்பு நோயாளரின் குரல்களையும் உள்ளடக்கிச் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பரவலாக வழங்கும் ஒரு பேச்சறி முறையானது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பதிவில் எவரும் கூறாத வாக்கியங்களைத் தானே புனைந்து சேர்த்தமையைக் கண்டது. பேச்சில் மௌனம் நீண்டவிடத்துப் புனைவும் மிகுந்தது. திக்கித் திக்கிப் பேசும் நோயாளியின் மௌனமே அங்கு பிறர் வாக்கியத்தால் நிரப்பப்படுகின்றது.

நிலவறையில் அமர்ந்திருந்த தட்டெழுத்துப் பெண்ணுக்கு விளங்காதவிடத்து வெற்றிடம் விட்டுக் குறியிடுதல் ஒரு தொழில் ஒழுக்கமாக இருந்தது. மிதிபலகையை அழுத்தி அதே சொல்லைப் பத்து முறையும் கேட்பாள்; வழக்கென்று வந்தால் ஒலிநாடாவும் இருந்தது. இப்புதிய முறைகளுள் ஒன்று, குறிப்பு எழுதப்பட்டதும் தரவுப் பாதுகாப்பின் பொருட்டு மூல ஒலிப்பதிவினை அழித்துவிடுகின்றது என 2024 ஒக்டோபரிற் செய்தி வெளியானது. அவ்வாறு அழித்தபின் நோயாளி உண்மையில் யாது கூறினார் என்பதற்குக் கணினி எழுதிய குறிப்பைத் தவிர வேறு சான்று எஞ்சுவதில்லை.